பள்ளிக்கு எவ்வளவு வரும்? கலிஃபோர்னியா நிதிச் சூத்திரத்தில் ஒரு மாவட்டத்தின் கணக்கு

கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வரும் என்று சொல்ல நான்கு விவரங்கள் போதும். எத்தனை பிள்ளைகள் நாள்தோறும் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கூடுதல் உதவி தேவைப்படுகிறவர்கள், தலைக்கு இவ்வளவு என்ற அந்த ஆண்டின் வீதம் என்ன, உள்ளூர் சொத்து வரி எவ்வளவு. கணக்கு பெருக்கலையும் கூட்டலையும் தாண்டாது. அப்படியிருந்தும் மாவட்டங்களின் கணிப்பு லட்சக்கணக்கான டாலர் பிசகுகிறது. பிசகுவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல. எந்த எண் எந்தத் தேதியில் உறைகிறது, எந்த ஆண்டின் எண் கணக்கில் ஏறுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதில்தான்.

அங்கே பள்ளி மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் நடத்தும் தனி அமைப்பு. ஆசிரியர் சம்பளம், பேருந்து, கட்டடப் பராமரிப்பு எல்லாம் அதன் பொறுப்பு. நம்மூரில் ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள், சம்பளம் கருவூலத்திலிருந்து போகிறது. அங்கே பணியிடம் யாரும் தருவதில்லை. பணம் மொத்தமாக வரும், எத்தனை ஆசிரியர் என்பதை வாரியமே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் கணிப்பு தப்பினால் வேலை போகிறது.

இந்தக் கட்டுரையில் வரும் வீதங்களும் விதிகளும் உண்மையானவை. பெரும்பாலும் 2024-25க்கு உரியவை. மாவட்டம் மட்டும் கற்பனை. 4,200 மாணவர் சேர்ந்துள்ள, மழலையர் வகுப்பு முதல் 12 வரை நடத்தும் நடுத்தர மாவட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

எங்கிருந்து வந்தது

1968-69இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் பால்ட்வின் பார்க் மாவட்டம் ஒரு மாணவருக்குச் செலவிட்டது 577 டாலர். பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலர். வரி வீதம் பால்ட்வின் பார்க்கில்தான் இரண்டு மடங்குக்கும் மேல். நிலத்தின் மதிப்பு குறைந்த ஊர் எவ்வளவு வரி போட்டாலும் எட்ட முடியாது. 1971இல் செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு சமத்துவத்துக்கு முரண் என்றது. 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டோடு கட்டிப்போட்டது; பள்ளிச் செலவின் பாரம் மாநிலத்தின் தோளுக்கு ஏறியது. 1988இல் 98ஆம் முன்மொழிவு பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று உறுதி செய்தது.

2013 வரை பணம் நாற்பதுக்கு நெருக்கமான தனித்தனிப் பொட்டலங்களில் வந்துகொண்டிருந்தது. பேருந்துக்கு ஒன்று, பாடநூலுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2013 ஜூலை 1 அன்று கையெழுத்திட்ட சட்டம் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கலைத்து ஒரே சூத்திரமாக்கியது. எல்.சி.எஃப்.எஃப். என்பது அதன் சுருக்கப் பெயர். உள்ளூர்க் கட்டுப்பாட்டு நிதிச் சூத்திரம் என்று பொருள். படிப்படியாக ஏற்றி, திட்டமிட்டதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக 2018-19இல் முழு அளவை எட்டியது.

மூன்று அடுக்கு

கீழ் அடுக்கு அடிப்படை மானியம். 2024-25இல் ஒரு வருகைக்கு, அதாவது ஒரு நாளும் தவறாமல் வரும் ஒரு பிள்ளைக்கு: மழலையர் முதல் 3 வரை 10,025 டாலர், 4 முதல் 6 வரை 10,177, 7, 8 வகுப்புகளுக்கு 10,478, 9 முதல் 12 வரை 12,144. இதன்மேல் மழலையர் முதல் 3 வரை 10.4 விழுக்காடு (1,043 டாலர்) சேர்கிறது, வகுப்பைச் சிறிதாக வைப்பதற்காக. உயர்நிலைக்கு 2.6 விழுக்காடு (316 டாலர்), தொழிற்கல்வியை நினைத்து.

இரண்டாவது துணை மானியம்: அடிப்படையில் 20 விழுக்காட்டைத் தேவை விழுக்காட்டால் பெருக்க வேண்டும். மூன்றாவது செறிவு மானியம்: தேவை விழுக்காடு 55ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அடிப்படையில் 65 விழுக்காடு. தொடக்கத்தில் இது 50ஆக இருந்தது. 2021-22 முதல் 65.

தேவை விழுக்காடு என்று இங்கே சொல்வது, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்பவர்கள், ஃபாஸ்டர் பராமரிப்பில் (பெற்றோரைப் பிரிந்து, அரசு ஏற்பாட்டில்) இருப்பவர்கள் ஆகிய மூன்று வகையினரின் பங்கு. ஒரு பிள்ளையை ஒரு முறைதான் எண்ண வேண்டும். ஏழையாகவும் இருந்து ஆங்கிலமும் கற்கும் பிள்ளைக்கு இரட்டைப் பணம் கிடையாது. இந்தச் சூத்திரத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்று தோன்றுகிறது. வீட்டில் ஸ்பானிஷ் மட்டும் பேசும் பண்ணைத் தொழிலாளியின் மகனும், ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஏழைப் பிள்ளையும் கணக்கில் ஒன்றே. இன்னொரு குறை: வீடு வாடகை விண்ணைத் தொடும் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கும் நடுப் பள்ளத்தாக்கின் விவசாய ஊருக்கும் அதே 10,025தான். ஊருக்கு ஊர் விலைவாசி வேறுபடுவதற்கு இதில் இடமில்லை.

அக்டோபர் முதல் புதன்

தேவை விழுக்காட்டுக்கான தலை எண்ணிக்கை அக்டோபர் மாதத்தின் முதல் புதன்கிழமை எடுக்கப்படுகிறது. 2024இல் அது அக்டோபர் 2. அன்று பதிவேட்டில் இருந்தவர்கள்தான் சேர்க்கை. இது கால்பேட்ஸ் என்ற மாநிலத் தரவுத் தொகுப்பில் ஏறி, டிசம்பரில் சான்றளிக்கப்பட்டு, திருத்தத்துக்கான வாசல் ஜனவரி வாக்கில் மூடுகிறது. மூடியபின் ஒரு பெயர் விட்டுப்போனது தெரிந்தால், தெரிந்துகொண்டதோடு சரி.

விழுக்காடு ஒரே ஆண்டின் எண் அல்ல. மூன்று ஆண்டின் கூட்டு. நம் மாவட்டத்தின் எண்கள்:

2022-23: சேர்க்கை 4,350, தேவைப் பட்டியல் 3,045
2023-24: சேர்க்கை 4,300, தேவைப் பட்டியல் 2,967
2024-25: சேர்க்கை 4,200, தேவைப் பட்டியல் 2,730

மூன்று பட்டியலின் கூட்டுத்தொகை 8,742, சேர்க்கையின் கூட்டுத்தொகை 12,850, வகுத்தால் 68.03 விழுக்காடு. புதிதாக வருபவர்கள் 70, 69, 65 ஆகிய மூன்று விழுக்காடுகளைக் கூட்டி மூன்றால் வகுத்து 68.00 என்று எழுதிவிடுகிறார்கள். 0.03 புள்ளிதானே என்று தோன்றும். இந்த மாவட்டத்துக்கு அதன் விலை 11 ஆயிரம் டாலருக்கு மேல்.

ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். இந்த மாவட்டம் 55க்கு மேலே இருப்பதால் ஒரு புள்ளிக்குத் துணை மானியத்தில் 0.20, செறிவில் 0.65, ஆக அடிப்படையின் 0.85 விழுக்காடு கூடும் அல்லது குறையும். தொகையில் 3,81,868 டாலர். ஒரு புள்ளி என்பது 12,850இல் 128.5 பெயர். ஆகவே ஒரு பெயர் ஏறக்குறைய 2,970 டாலர். அந்தப் பெயர் மூன்று ஆண்டுக் கூட்டிலும் தொடர்வதால், நிரப்பாமல் பையிலேயே கசங்கிப்போன ஒரு வருமானப் படிவம் மூன்று ஆண்டில் கிட்டத்தட்ட 8,900 டாலரைக் கொண்டுபோய்விடும். இதே மாவட்டம் 55க்குக் கீழே இருந்திருந்தால் ஒரு புள்ளியின் மதிப்பு 90 ஆயிரத்தைத் தொடாது.

படிவம் ஏன் கசங்கிப்போகிறது? முன்பு இலவச மதிய உணவுக்கு அந்தப் படிவம் தேவை. பெற்றோர் நிரப்பித் தந்தார்கள். 2022-23 முதல் கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியில் சாப்பாடு இலவசம். சாப்பாடு வருகிறது, படிவம் எதற்கு என்று குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. ஏழ்மை குறையாமலேயே தேவை விழுக்காடு இறங்குகிறது. கால்ஃபிரெஷ் உணவு உதவி, மெடி-கால் மருத்துவ உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலோடு பெயர் பொருத்திப் பார்த்து மாநிலமே ஒரு பகுதியை அடையாளம் காட்டிவிடுகிறது. அவர்களிடம் படிவம் கேட்க வேண்டாம். மீதிப் பேர்தான் வேலை. அதிலும் ஊட்டச்சத்துத் திட்டத்தின் கீழ் பள்ளி முழுக்கவும் தகுதி பெற்ற இடங்களில் உணவுப் படிவமே கிடையாது. சூத்திரத்துக்கென்று தனி வருமானப் படிவம் வாங்க வேண்டும், குறைந்தது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை.

ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் வேறு சங்கதி. வீட்டுமொழிப் படிவத்தில் வேறு மொழி என்று எழுதியவுடன் பிள்ளை பட்டியலில் ஏறுவதில்லை. எல்பேக் என்ற தொடக்கத் தேர்வு எழுதி, அதில் ஆங்கிலம் போதாது என்று வந்தால்தான் ஏறும். தேர்வைச் சேர்ந்த 30 நாளுக்குள் நடத்த வேண்டும். செப்டம்பரில் வந்த பிள்ளைக்கு நவம்பரில் தேர்வு வைத்தால் அந்த ஆண்டு எண்ணிக்கை போனதுதான். தேர்ச்சி பெற்று வகை மாறியவரும் பட்டியலிலிருந்து இறங்கிவிடுவார், ஏழை என்ற கணக்கில் இல்லாவிட்டால். 2024இல் வந்த சட்டம் நான்கு வயதுப் பிள்ளைகளின் மழலையர் முன்வகுப்புக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. குழந்தைக்கு நல்லது. ஆனால் ஆங்கிலம் கற்பவர் என்ற ஒரே காரணத்தால் பட்டியலில் வந்திருக்கக்கூடிய அந்தச் சின்னஞ்சிறுசுகள் கணக்கிலிருந்து மறைந்தார்கள். சேர்க்கை எண்ணில் மட்டும், அதாவது வகுக்கும் எண்ணில், இருக்கிறார்கள். முன்வகுப்பு வளர வளர விழுக்காடு இறங்கும்.

வருகை: எந்த ஆண்டினது?

அடிப்படை மானியம் சேர்க்கைக்கு அல்ல, வருகைச் சராசரிக்கு. பிள்ளைகள் வந்த நாள்களின் கூட்டுத்தொகையைப் பள்ளி நடந்த நாள்களால் வகுத்தால் கிடைப்பது. 180 நாளில் 18 நாள் வராதவர் 0.9. காய்ச்சலுக்கு விடுப்பு, மருத்துவச் சீட்டு, எதுவும் செல்லாது. 1998-99 முதல் வராத நாள் வராத நாள்தான். காட்டுத்தீ போன்ற பேரிடரில் பள்ளி மூடினால் ஜே-13ஏ என்ற விண்ணப்பம் போட்டு இழப்பை ஈடுகட்டலாம்.

ஆண்டில் மூன்று முறை அறிக்கை. முதலாவது டிசம்பர் வரை, இரண்டாவது ஏப்ரல் 15 அல்லது அதற்கு முன் முடியும் பள்ளி மாதம் வரை, கடைசியில் முழு ஆண்டு. மாவட்டத்தின் முதன்மை நிதிக்கு ஏப்ரல் எண்தான் எடுபடும். மே மாதம் வகுப்பு பாதி காலியானாலும் அந்த எண் அசையாது. செப்டம்பரில் முதல் இரண்டு வாரம் வராதவர்களால்தான் பெரிய இழப்பு.

2022-23 முதல் மாவட்டங்களுக்கு ஒரு மெத்தை உண்டு. நடப்பு ஆண்டு, முந்தைய ஆண்டு, நடப்பு ஆண்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி, இம்மூன்றில் எது பெரிதோ அது. ஒப்பீடு மொத்த எண்ணில் நடக்கும். வென்ற ஆண்டின் வகுப்புவாரிப் பிரிவு அப்படியே எடுபடும். ஒவ்வொரு வகுப்புப் பிரிவுக்கும் தனித்தனியே பெரியதைப் பொறுக்கிச் சேர்த்தால் தவறு. சார்ட்டர் பள்ளிகளுக்கு (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள்) இந்த மெத்தையே கிடையாது, நடப்பு ஆண்டுதான். அவற்றின் செறிவு மானியத்துக்கு, அவை இருக்கும் மாவட்டத்தின் தேவை விழுக்காடே உச்சவரம்பு.

நம் மாவட்டம்: 2021-22இல் 4,064, 2022-23இல் 3,960, 2023-24இல் 3,976, 2024-25இல் 3,885. மூன்று முந்தைய ஆண்டுச் சராசரி சரியாக 4,000. அதுதான் பெரிது, அதற்குத்தான் பணம்.

இங்கே ஒரு கண்ணாமூச்சி. வருகையைக் கூட்ட இந்த ஆண்டு ஒரு பிரசாரம் நடத்தி ஒரு புள்ளி உயர்த்தினால் 42 வருகை கூடும், 3,927 ஆகும். 4,000ஐத் தாண்டாததால் இந்த ஆண்டு வரும் பணத்தில் ஒரு டாலர்கூட மாற்றமில்லை. பிரசாரம் வீண் என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த 42 அடுத்த மூன்று ஆண்டுச் சராசரிகளில் மூன்றில் ஒரு பங்காக உட்கார்ந்திருப்பதை யாரும் காட்டுவதில்லை.

கணக்கு

4,000 வருகையை வகுப்புவாரியாக 1,200, 900, 600, 1,300 என்று பிரிப்போம்.

மழலையர்-3: 1,200 × 10,025 = 1,20,30,000
4-6: 900 × 10,177 = 91,59,300
7-8: 600 × 10,478 = 62,86,800
9-12: 1,300 × 12,144 = 1,57,87,200
வகுப்புச் சேர்ப்பு (12,51,600 + 4,10,800) = 16,62,400
அடிப்படை மொத்தம் = 4,49,25,700
துணை: 20% × 68.03% = 61,12,591
செறிவு: 65% × 13.03% = 38,04,982
மழலையர் முன்வகுப்புச் சேர்ப்பு: 150 வருகை × 3,077 = 4,61,550
பேருந்துச் சேர்ப்பு (பழைய பொட்டலத்தின் மிச்சம்) = 6,00,000
உரிமைத் தொகை = 5,59,04,823 டாலர்

மாற்றுத்திறன் மாணவர் கல்வி, ஒன்றிய அரசின் டைட்டில் 1 என்ற ஏழை மாணவர் நிதி, லாட்டரிப் பங்கு, உணவுப் பணம் ஆகியவை இதற்கு வெளியே; அவற்றைத் தனியே கணிக்க வேண்டும்.

துணையும் செறிவும் சேர்ந்து அடிப்படையில் 22.08 விழுக்காடு. எல்கேப் என்ற உள்ளூர்த் திட்டத்தில் தேவைப் பட்டியல் மாணவருக்கான சேவையை இந்த அளவுக்காவது கூட்டியதாகக் காட்ட வேண்டும். செறிவில் 50க்கும் 65க்கும் இடைப்பட்ட 15 புள்ளியின் பங்கு, இங்கே 8,78,073 டாலர், 55 விழுக்காட்டுக்கு மேல் தேவை உள்ள பள்ளிகளில் பிள்ளைகளோடு நேரடியாக வேலை பார்க்கும் ஆட்களைக் கூட்டத்தான் செலவாக வேண்டும்; பொதுச் சம்பளத்தில் கரைக்கக் கூடாது. 2019இல் மாநிலத் தணிக்கையாளர் மூன்று பெரிய மாவட்டங்களைப் பார்த்து, இந்தப் பணம் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல முடியவில்லை என்றார். செலவாகாத மிச்சம் ஆண்டு முடிவில் பொதுப் பணமாக மாறிவிடும் ஓட்டை அப்போது இருந்தது. 2021இல் மிச்சத்தைக் கணக்கில் தொடர வேண்டும் என்று அடைத்தார்கள்.

யார் கொடுக்கிறார்கள்

உரிமைத் தொகை முடிவான பிறகுதான் வருவாய் மூலங்களுக்கு வர வேண்டும். வரிசை முக்கியம். முதலில் சொத்து வரி, அடுத்து இ.பி.ஏ. என்ற கல்விப் பாதுகாப்புக் கணக்கு, மீதியை மாநில உதவி நிரப்பும்.

சொத்து வரி 1,87,00,000, அதில் ஊரிலுள்ள சார்ட்டர் பள்ளிக்கு ஈடாகப் போவது 7,00,000, நிகரம் 1,80,00,000. இ.பி.ஏ. 75,00,000. மாநில உதவி 3,04,04,823.

வருவாய் அதிகாரி வந்து, இந்த ஆண்டு வீட்டு மதிப்பு ஏறி வரி 10 லட்சம் கூடுதல் என்கிறார். வாரியக் கூட்டத்தில் கைதட்டல். கணக்கு எழுதுபவர் மாநில உதவியில் 10 லட்சத்தைக் கழிக்கிறார், மொத்தம் மாறவில்லை. இ.பி.ஏ.வும் இப்படியே. 2012இல் 30ஆம் முன்மொழிவு உயர் வருமானத்தின் மீது வரி போட்டு உருவாக்கியது; 2016இல் 55ஆம் முன்மொழிவு வருமான வரிப் பகுதியை 2030 வரை நீட்டியது. பெயரைப் பார்த்து இது கூடுதல் பணம் என்று வரவில் தனியாகக் கூட்டிவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. உரிமைத் தொகைக்கு உள்ளேதான் அது. அதைத் திறந்த கூட்டத்தில் முடிவு செய்து செலவழிக்க வேண்டும், நிர்வாகச் சம்பளத்துக்குக் கூடாது என்பது மட்டும் தனி விதி.

சொத்து வரி உரிமைத் தொகையையே தாண்டிவிட்டால் கதை மாறும். நம் மாவட்டத்தின் வரி 5 கோடியே 80 லட்சம் என்றால், மாநிலம் மிச்சத்தைப் பிடுங்கிக்கொள்வதில்லை, மாவட்டத்துக்கே. பாலோ ஆல்டோ போன்ற வசதியான ஊர்கள் இந்த வகை. பேச்சில் பேசிக் எய்ட் மாவட்டம் என்பார்கள். அங்கே தேவை விழுக்காடு, வருகை எதுவும் மொத்தத் தொகையை ஏற்றாது. புதிதாக 100 பிள்ளைகள் வந்தால் வருவாய் கூடாமல் பங்கு மட்டும் மெலியும். இ.பி.ஏ.விலிருந்து வருகை ஒன்றுக்கு 200 டாலராவது அவர்களுக்கும் உண்டு. எல்லைக் கோட்டுக்கு அருகே நிற்கும் மாவட்டம்தான் கணிப்பதற்கு மிகக் கடினம்: வரி கொஞ்சம் ஏறினால் ஒரு விதி, சேர்க்கை கொஞ்சம் ஏறினால் இன்னொரு விதி. இரண்டு கணக்கும் போட்டுப் பெரியதை எடுக்க வேண்டும்.

தொகை ஒன்றானாலும் வரும் நாள் வேறு. மாநில உதவி ஜூலை, ஆகஸ்டில் 5 விழுக்காடு வீதமும் பிறகு மாதம் 9 விழுக்காடு வீதமும் வரும். இ.பி.ஏ. காலாண்டுக்கு ஒருமுறை. சொத்து வரியின் பெரும்பகுதி டிசம்பரிலும் ஏப்ரலிலும். வரியை அதிகம் நம்பும் மாவட்டத்துக்கு நவம்பர் சம்பளத்துக்குக் கையில் காசு இருக்காது. குறுகிய காலக் கடன் வாங்கும். ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தும் பணப்புழக்க அட்டவணை போடாததால் திணறும் மாவட்டங்கள் உண்டு.

எங்கே வழுக்கும்

மழலையர் முதல் 3 வரையிலான 10.4 விழுக்காட்டுச் சேர்ப்பைப் பலரும் உறுதியான பணம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் அந்த வகுப்புகளின் சராசரி 24ஐத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை, ஆசிரியர் சங்கத்தோடு வேறு எண் ஒப்பந்தம் செய்திருந்தால் தவிர. ஒரே ஒரு பள்ளியில் சராசரி 24.3 ஆனாலும் போவது அந்தப் பள்ளியின் பங்கு அல்ல, மாவட்டம் முழுவதன் சேர்ப்பும். இங்கே 12,51,600, அதன்மேல் கட்டிய துணையும் செறிவும் சேர்த்து 15,27,897 டாலர். ஒப்பந்தத்தில் மாற்று எண் ஒன்றை எழுதி வைப்பது மலிவான காப்பீடு.

அடுத்து கோலா, அதாவது நம்மூர் அகவிலைப்படி மாதிரி ஆண்டுதோறும் வீதத்தில் சேரும் விலையேற்றம். 2022-23இல் கூடுதல் சேர்ப்போடு 13.26 விழுக்காடு, 2023-24இல் 8.22. 2023 நடுவில் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறியபோது அடுத்த ஆண்டுக்கு 3.94 என்று எதிர்பார்த்தார்கள். மாவட்டங்கள் அதையே மூன்றாண்டுக் கணிப்பில் போட்டன. 2024 ஜனவரியில் ஆளுநரின் திட்டம் 0.76 என்றது. முடிவில் வந்தது 1.07. நம் மாவட்டத்துக்கு 3.94க்கும் 1.07க்கும் இடைவெளி அடிப்படையில் மட்டும் 12.76 லட்சம், மேலடுக்குகளோடு 15.57 லட்சம் டாலர். இந்த எண் மத்திய அரசின் விலைக் குறியீட்டிலிருந்து வருவது, மாவட்டத்தின் கையில் இல்லை. அதனால் ஒரே எண்ணில் கணிப்பதைவிட எதிர்பார்ப்பில் ஒரு புள்ளி குறைத்து இரண்டாவது கணிப்பு ஒன்று போட்டு வைப்பது நடைமுறை.

தணிக்கையும் உண்டு. வெளித் தணிக்கையாளர் தேவைப் பட்டியலில் மாதிரி எடுத்து, ஒரே காரணத்தால் பட்டியலில் உள்ளவர்களின் ஆவணத்தைக் கேட்பார். கையெழுத்தில்லாத படிவம், வருமானம் தவறிய படிவம், தேர்வு முடிவு இல்லாத மொழிப் பதிவு வந்தால் அந்தப் பெயர் அடிபடுவதோடு நிற்பதில்லை. மாதிரியில் கண்ட தவறு வீதத்தை முழுப் பட்டியலுக்கும் விரித்துக் கழிப்பார்கள். மேலே பார்த்தபடி ஒரு பெயர் 2,970.

அடுத்த இரண்டு ஆண்டு

2025-26இன் கோலா 2.30 விழுக்காடு. வருவாய் 2.30 கூடும் என்று எழுதிவிட்டு ஊதிய ஒப்பந்தம் பேச உட்காருகிறார்கள். சேர்க்கை 4,120ஆக இறங்கி வருகை 3,811 என்று வைத்துக்கொண்டால், நிதிக்கு உரிய வருகை 3,960, 3,976, 3,885 ஆகியவற்றின் சராசரி: 3,940.33. அடிப்படை மானியம் 0.77 விழுக்காடுதான் கூடும், சுமார் 3.48 லட்சம். தேவைப் பட்டியல் 65 விழுக்காட்டிலேயே (2,678) நின்றாலும், 70 விழுக்காட்டு ஆண்டு கூட்டிலிருந்து உதிர்ந்துவிடுவதால் மூன்றாண்டு எண் 66.36க்கு வருகிறது. துணையும் செறிவும் 22.08இலிருந்து 20.66க்கு இறங்கி, 5.66 லட்சம் குறையும். நிகரத்தில் 2.18 லட்சம் டாலர் இறக்கம், முன்வகுப்பு, பேருந்துச் சேர்ப்புகள் நீங்கலாக. அதே வேளையில் அனுபவப் படியால் சம்பளம் தானாக ஏறும். ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு மாவட்டத்தின் பங்கு சம்பளத்தில் 19.10 விழுக்காடு.

2026-27இல் சேர்க்கை 4,050 என்றால் உரிய வருகை 3,890.67, தேவை விழுக்காடு 65.00, மேலடுக்குகள் 19.50. மெத்தை விழுவதைத் தடுப்பதில்லை, மூன்று ஆண்டுக்குப் பிரித்துத் தருகிறது. பிள்ளைகள் போனது 2024இல். பணம் போவது 2026இல்.

ஆள்குறைப்புக்கான முதல் அறிவிப்பு மார்ச் 15க்குள் ஆசிரியர் கையில் சேர வேண்டும், இறுதி அறிவிப்பு மே 15க்குள். வருகையின் முக்கிய எண் ஏப்ரல் 15 வாக்கில் முடிகிறது. கோலாவும் மாநிலத்தின் திருத்திய திட்டமும் மே நடுவில் வருகின்றன. அதனால் மார்ச் கூட்டத்துக்கு முன் மாவட்டக் கணக்கர் கையில் உறுதியாக இருப்பது ஒன்றுதான்: ஜனவரியில் மூடிய அக்டோபர் பட்டியல்.